மாடியில்லாத மாடிப்படி

வீடு கட்டுகிற மனிதர்கள் முதலில் அஸ்திவாரம் போடுவார்கள், பிறகு சுவர் எழுப்புவார்கள், தளம் போடுவார்கள், அதற்கப்புறமும் தெம்பு மிச்சம் இருந்தால் மாடிக்குப் படி வைப்பார்கள். ஐசக் மாஸ்டர் அந்த மாதிரிச் சாமானியர் இல்லை. அவர் படியை முதலில் கட்டினார். படியை மட்டும் கட்டினார். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பி ஏரியைப் பார்க்க நடந்தால், முள்செடிகளுக்கு நடுவே ஒரு மனை. சுவர் கிடையாது, கதவு கிடையாது, கூரை கிடையாது. ஆனால் ஒரு அரண்மனை மாடிப்படி மட்டும் இடமும் வலமுமாக இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்பி, நடுவில் ஒரு மேடையில் சந்தித்து, அங்கிருந்து ஒன்றாக மேலே ஏறி, ஆகாயத்தில் போய் நின்றது. மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், காற்று இருக்கிறது. நல்ல காற்றுதான், குறை சொல்லக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்ததும் சபையாருக்கு இதுதான் பேச்சு. "வேதத்துல வானத்தைத் தொடுற ஏணியைச் சொப்பனத்துல பார்த்தது மகன் யாக்கோபு. நம்ம ஊர்ல அப்பன் ஈசாக்கே இறங்கிக் கட்டிட்டார்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். தமிழ் வேதத்தில் ஐசக்குக்கு ஈசாக்கு என்று பேர். ஐசக்கின் மனைவி ஹில்டாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது, கோயில் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்ளவா முடியும்? அதை வீட்டுக்கு வந்து செய்வாள். வீடு என்றால் சொந்த வீடு இல்லை. மேற்குத் தாம்பரத்தில் நாகலக்ஷ்மி மாமி வீட்டின் பின் போர்ஷன். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மழை வந்தால் மூன்று இடத்தில் பாத்திரம்.

இத்தனைக்கும் காரணம் ஒரு ஆஸ்திரியாக்காரன். அவன் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆகவே அவனை நேரில் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்கிற பாக்கியம் ஹில்டாவுக்குக் கிடைக்கவில்லை. பெயர் அன்டன் விம்பெர்கர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்த ஐசக், கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலைக் கிளறப்போய் அவனுடைய ஜீவிய சரித்திரத்தைக் கண்டெடுத்தார். மற்றவர்கள் மூர் மார்க்கெட்டில் கிராமபோன் வாங்கினார்கள், கூண்டுக்கிளி வாங்கினார்கள். இவர் சனியனை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஹில்டா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பகலெல்லாம் ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தால், சாயங்காலம் வீட்டில் விம்பெர்கர் காத்திருப்பான். அவள் விரும்பிப் படித்ததில்லை. ஆனாலும் அவன் சரித்திரம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மலைநாட்டில் கல் உடைக்கிறவனுக்குப் பிறந்தான். கொத்தன் வேலை கற்றான். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பனியில் நடந்து கூலிக்கு வேலை பார்த்தான். என்னதான் கெட்டிக்காரன் என்றாலும் சொந்தமாகக் கட்டடம் எடுத்துக் கட்ட அவனுக்கு உரிமை இல்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு இத்தனை தலைமை மேஸ்திரிகள்தான் என்று அவர்கள் சங்கம் ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒருவன் செத்தால்தான் இன்னொருவனுக்கு இடம். ஒருவன் செத்தான். உரிமம் அவன் விதவையிடம் இருந்தது. வயதில் மூத்த அந்த அம்மாளை விம்பெர்கர் மற்றவர்கள் தலை சீவி முடிப்பதற்குள் போய்க் கல்யாணம் செய்துகொண்டான்.

"உரிமத்தோட பொண்டாட்டியா, பொண்டாட்டியோட உரிமமா?" என்று ஹில்டா ஒரு தடவை கேட்டாள்.

"அது அந்தக் காலத்து வழக்கம், ஹில்டா. நீ கலையைப் பாரு" என்றார் ஐசக்.

கலையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு விம்பெர்கர் மாதா கோயில் கட்டினான், தானியக் கிடங்கு கட்டினான், ஆலை கட்டினான், ஒரே சமயத்தில் ஏழெட்டு ஊரில் வேலையை வைத்துக்கொண்டு குதிரையில் அலைந்தான். கடைசியில் டான்யூப் நதிக்கரையில் ஒரு பெரிய மடம். அந்த மடத்துக்குச் சக்கரவர்த்தி வரப்போகிறார் என்று பேச்சு வந்ததும், மடாதிபதி மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் மாடிப்படியைக் கட்டச் சொன்னாராம். ஏனென்றால் விருந்தாளியின் அந்தஸ்துக்குத் தக்கபடி வீட்டுக்காரர் படியிறங்கி வந்து நிற்க வேண்டும். சக்கரவர்த்தி என்றால் அடிப்படி வரைக்கும், பிரபு என்றால் நடுமேடை வரைக்கும், சில்லறை ஆட்கள் என்றால் மேலேயே நின்று தலையசைத்தால் போதும். படி இல்லாவிட்டால் மரியாதையை எங்கே நின்று காட்டுவது?

"சரி, சக்கரவர்த்தி வந்தாரா?"

"வரலை. வழியில ஏதோ உடம்பு சரியில்லேன்னு திரும்பிட்டார்."

"ஐயோ பாவம், படி!"

"வந்தாரா வரலையாங்கிறது முக்கியமில்ல. வந்திருந்தா ஏறுறதுக்குப் படி இருந்துச்சு பாரு, அதுதான்" என்றார் ஐசக். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

மனை ஹில்டாவுடையது. அவள் அப்பா தனசிங், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது. மாப்பிள்ளையின் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, மகள் பேரிலேயே ரிஜிஸ்தர் செய்தார். அப்போது ஹில்டாவுக்கு அப்பாமேல் கோபம்கூட வந்தது. பியூலா பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், கட்டலாம் என்று தீர்மானமாயிற்று. பர்மிட்டுக்கு அலைந்து அலைந்து சிமெண்டு வாங்கினார்கள். இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு அடுக்களைக்கு என்று வாங்கின சிமெண்டு அத்தனையும் படிக்குப் போயிற்று. செங்கல் படிக்குப் போயிற்று. கைப்பிடியில் குடம் குடமாகச் சின்னத் தூண்கள் வேண்டுமென்று பல்லாவரத்திலிருந்து அச்சு செய்ய ஆள் வந்தான். வருஷங்களும் படிக்கே போயின. பியூலா பாவாடை போட்டுக்கொண்டு அஸ்திவார ஜெபத்தில் நின்றவள், தாவணி போட்டாகிவிட்டது.

ஊர்க்காரர்களுக்கு அந்தப் படியால் உபகாரம் இல்லாமல் இல்லை. கல்யாண ஜோடியைப் படம் பிடிக்க ஸ்டூடியோக்காரர் அங்கேதான் கூட்டிக்கொண்டு வருவார். தேர்தல் வந்தால் நடுமேடை பேச்சாளர்களுக்கு. கிறிஸ்துமஸ் கீதம் பாடுகிற கூட்டம் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று பாடிவிட்டுப் போகும். மற்ற நாளில் ஆடுகள். ஐசக் மட்டும் மேலேயே நின்று, யார் வந்தாலும் அந்தஸ்து பார்த்து இறங்குவார். பேராயர் ஒரு தடவை அந்த வழியாகப் போனபோது அடிப்படிக்கு ஓடி வந்தார். ஹெட்மாஸ்டருக்கு நடுமேடை. ஹில்டாவின் அண்ணன் வந்தபோது இவர் அசையவே இல்லை. "ஏறி வா மச்சான், காத்து நல்லா வருது" என்றார். அண்ணன் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பேசவில்லை.

கொத்தனார் சின்னப்பனாவது ஒரு வார்த்தை சொல்லுவான் என்று ஹில்டா நம்பினாள். அவனோ மாஸ்டரைவிட மோசமாகக் கெட்டுப்போயிருந்தான். "இன்னாக்கா இப்டி சொல்ற? இந்த மாரி படி மெட்ராஸ்ல எங்கனா கீதா? எல்.ஐ.சி.ல கூட கெடையாதுக்கா. வூடு இன்னா வூடு, எவன் வேணா கட்டுவான்" என்றான். எவன் வேண்டுமானாலும் கட்டலாம் என்றால் நீ ஒன்று கட்டித் தொலையேன் என்று ஹில்டாவுக்கு வாய் வரைக்கும் வந்தது.

அந்த வருஷம் புரட்டாசியில் நாகலக்ஷ்மி மாமி வெற்றிலைத் தட்டோடு பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். மாமி தட்டோடு வந்தால் ஏதோ கஷ்டமான விஷயம் என்று அர்த்தம்.

"ஹில்டா, தப்பா எடுத்துக்காதேம்மா. ராஜகோபாலனுக்கு நாக்பூர்லேர்ந்து மாத்தலாயிடுத்து. தை மாசம் குடும்பத்தோட வரான். அவாளுக்கு இந்த போர்ஷன் வேணும்." மாமிக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. "உங்களுக்குத்தான் இரும்புலியூர்ல வீடு முடியப்போறதே, அதான் தைரியமா கேக்கறேன்."

முடியப்போகிறதாம்! ஹில்டா வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமி போன பிறகு அழுதாள். பெண்ணுக்கு வயது வந்துவிட்டது, வீட்டில் துணி மாற்ற மறைவில்லை. இனி வேறு போர்ஷன், வேறு மாமி, வேறு ஓட்டை. பியூலா தானாகவே பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்கத்தான் ஹில்டாவுக்குத் தாங்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே இரும்புலியூருக்கு நடந்தாள்.

ஐசக் கைப்பிடியின் ஒரு வளைவை இடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அது போன மாதம்தான் கட்டினது.

"மாமி காலி பண்ணச் சொல்லிட்டா. தைக்குள்ள போகணும்."

ஐசக் தலையை ஆட்டினார். "போகலாம் போகலாம். இந்த வளைவு மட்டும் சரியா வந்துட்டா..."

"எங்கே போறது? படியில படுக்கவா?"

"ஹில்டா, விம்பெர்கர் அந்த மடத்தை முடிக்காமலேயே செத்தான் தெரியுமா? அவசரப்பட்டிருந்தா..."

விம்பெர்கர் பெயரை அவர் அந்த நேரத்தில் எடுத்திருக்கக் கூடாது. எக்ஸ்சேஞ்சில் முரண்டு பிடிக்கிற ஆட்களிடம் பேசுகிற குரல் ஒன்று ஹில்டாவிடம் உண்டு. மரியாதையாக இருக்கும், ஆனால் தப்பிக்க முடியாது. அந்தக் குரலை எடுத்தாள்.

"ஒரு சந்தேகங்க. அவன் எந்த உரிமத்துல கட்டினான்?"

"தலைமை மேஸ்திரி உரிமத்துல."

"அது யாருது?"

"முதல்ல இருந்த மேஸ்திரியோடது."

"அவன்தான் செத்துட்டானே. செத்த பிறகு யாருது?"

ஐசக்குக்கு விஷயம் போகிற திசை புரிந்துவிட்டது. ஆனால் பாருங்கள், மனிதர் மனைவியிடம் எத்தனை பொய் சொன்னாலும் விம்பெர்கர் விஷயத்தில் ஒரு பொய் சொல்ல மாட்டார். "அந்த அம்மாவோடது" என்றார் மெதுவாக.

"அந்த அம்மா, எனக்கு இவன் வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"கட்டியிருக்க முடியாது."

"ஒரு மாட்டுக்கொட்டாய்?"

"அதுவும் முடியாது."

"இந்த மனை யார் பேர்லங்க இருக்கு?"

சின்னப்பன் கரணையைக் கீழே வைத்தான். ஐசக் கையிலிருந்த, சுவர் நேர் பார்க்கிற தூக்குக்குண்டின் நூலை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"என் பேர்ல இருக்கு" என்றாள் ஹில்டா. "உங்களை வேலையிலேர்ந்து நிறுத்தியாச்சு. சின்னப்பா, நாளைக்கு நான் லீவு போட்டுட்டு வரேன். இந்தப் படிக்குப் பின்னால ரெண்டு ரூம், ஒரு ஹால். நடுமேடைக்குக் கீழே அடுக்களை. நாலு சுவர், ஒரு கதவு, மேல தளம். ஒரு பூ, ஒரு வளைவு, ஒரு குடம் எங்கேயாவது பார்த்தேன்னா உன்னையும் நிறுத்திடுவேன்."

"அக்கா, சார் இன்னா சொல்றாரோ..." என்று சின்னப்பன் இழுத்தான்.

சார் சண்டை போடுவார், விம்பெர்கரின் ஆவியை எழுப்பிக்கொண்டு வந்து சாட்சி சொல்ல வைப்பார் என்று ஹில்டா எதிர்பார்த்தாள். அவரோ நூலைப் பிரித்து, சரியாகச் சுற்றி, தூக்குக்குண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்க்க நடந்தார். அந்த இரும்புக் குண்டு அவ்வளவு கனமாக இருக்கும் என்று ஹில்டாவுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் வேலை நடந்தது பாருங்கள், அதுதான் வேலை. எக்ஸ்சேஞ்சு ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஹில்டா மனையில் நின்றாள். சிமெண்டு கிடைக்காது என்றதும், சிமெண்டே வேண்டாம், பழைய மாதிரி மரக்கட்டை குறுக்கே போட்டு அதன்மேல் செங்கலைச் செருகிச் சுண்ணாம்புத் தளம் போடலாம் என்றான் சின்னப்பன். சித்தாள் பச்சையம்மாவும் இன்னும் நாலு பெண்களும் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, கட்டையால் தளத்தைத் தட்டித் தட்டிப் பாடினார்கள். தளம் சரியாகப் படியின் கடைசிப் படிக்கு நேராக வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துச் சின்னப்பன் வாயெல்லாம் பல்லாக நின்றான். "சும்மா சொல்லக்கூடாதுக்கா, படி கட்னப்பவே இங்க தளம் வரும்னு சார் கணக்கு போட்டு வெச்சிகினு கீறார்" என்றான். ஹில்டா அவனை முறைத்தாள்.

தை பிறப்பதற்கு முன்பே குடிபோனார்கள். போதகர் வந்து ஜெபம் செய்தார். சபையார் வந்து அடுக்களையைப் பார்த்தார்கள். தலைக்கு மேலே அரண்மனை மேடை, அதன்கீழே ஹில்டாவின் மண்ணெண்ணெய் ஸ்டவ். பியூலாவுக்குத் தனி அறை. முதல் நாள் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, திறந்து, மறுபடி சாத்தினாள். அந்தச் சத்தம் ஹில்டாவுக்கு எந்தக் கீர்த்தனையை விடவும் இனிமையாக இருந்தது. ஜெயித்துவிட்டாள், சந்தேகமே இல்லை.

ஆனால் ஐசக் பேசவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அதைச் சமாளிக்கலாம். இவர் கேட்டதற்குப் பதில் சொன்னார், காய்கறி வாங்கி வந்தார், பள்ளிக்கூடம் போனார், வந்தார். புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் விம்பெர்கரும் இல்லை, டான்யூபும் இல்லை. எத்தனை வருஷம் அந்தப் பேச்சு நிற்காதா என்று ஹில்டா கர்த்தரிடம் மன்றாடியிருக்கிறாள்! கர்த்தர் சாவகாசமாகக் காது கொடுத்துக் கேட்டு, இப்போது நிறுத்திக் கொடுத்தார். வீடு பூரா ஒரு மாதிரி இருந்தது. "உப்பு சரியா இருக்கா?" என்றால் "இருக்கு" என்பார். அவ்வளவுதான். ஹில்டாவுக்கு எரிச்சலாக வந்தது. அது எரிச்சல் இல்லை, பயம் என்று தெரிந்தபோது இன்னும் எரிச்சலாக வந்தது.

குடிவந்து ஒரு மாதம் இருக்கும். துவைத்த துணியைக் கீழே காயப்போட்டால் ஆடு மேய்ந்துவிடுகிறது என்று, ஹில்டா ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு தளத்துக்குப் போனாள். அந்தப் படியில் அவள் ஏறினது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஏறிப் பார்க்க வேண்டும் என்று அத்தனை வருஷமும் தோன்றினதில்லை, வைராக்கியம். வாளி கனம். வலது முழங்கால் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து வருஷக்கணக்காக மக்கர் செய்கிற முழங்கால். பாதி வழியில் வாளியை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே ஏறினவள், நினைத்து முடிப்பதற்குள் மேலே நின்றாள்.

எப்படி வந்தோம் என்று திரும்பிப் பார்த்தாள். மூச்சு வாங்கவில்லை. முழங்கால் வலிக்கவில்லை. வாளியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கால் தானாக எடுத்து வைக்க, படி தானாகக் கீழே வந்து தாங்கியிருந்தது. ஹில்டாவுக்குக் கெட்ட கோபம் வந்தது. நாசமாய்ப் போன மனிதர், படியை மட்டும் எவ்வளவு நன்றாகக் கட்டித் தொலைத்திருக்கிறார்!

ஐசக் தளத்தின் கைப்பிடிச் சுவரில் ரயில் பாதையைப் பார்க்க உட்கார்ந்திருந்தார். எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று தாம்பரத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. ஹில்டா வாளியை நங்கென்று வைத்தாள்.

"ஏங்க."

"ம்."

"மூச்சு வாங்கலை."

ஐசக் திரும்பினார். "எப்படி வாங்கும்?" என்றார். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் இல்லையா.

"எப்படின்னுதான் கேக்கறேன், சொல்லுங்களேன்" என்றாள் ஹில்டா, ஒரு சேலையை உதறிக்கொண்டே.

"அந்த மடாதிபதிக்குக் கால்ல வாதம்" என்று ஐசக் ஆரம்பித்தார். "படியேறவே முடியாது மனுஷனுக்கு. விம்பெர்கர் என்ன பண்ணினான், அவரை நடக்கவிட்டுப் பின்னாலேயே போய்ப் பார்த்தான். கால் எவ்வளவு உயரம் வலியில்லாம தூக்குறார், எவ்வளவு தூரம் எட்டி வைக்கிறார்னு. சக்கரவர்த்திக்குன்னு ஊர் பூராச் சொன்னாங்க. அவன் கட்டினது அந்த வாதக்காரருக்கு." பேசும்போது எழுந்துவிட்டார். "நான் அதையேதான் பண்ணினேன். நீ கோயிலுக்கு நடந்து போகும்போது பின்னாலேயே வந்து பார்த்தேன்."

ஹில்டாவின் கை சேலையோடு நின்றது. எப்போது பார்த்தார், எத்தனை நாள் பார்த்தார், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் பின்தங்கி வருவதைப் பார்த்து எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்! அழக் கூடாது என்று வாளியைக் குனிந்து பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, ஈரத்துணிதான். ஏதாவது பேசியாக வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

"மழைக்காலத்துல துணி உலர்த்த இங்கே ஒரு ரூம் இருந்தா தேவலை. சின்னதா, ஒண்ணே ஒண்ணு. நான் சொல்ற மாதிரிதான் கட்டணும்."

"சின்னதாத்தான்" என்றார் ஐசக். கை சட்டைப்பையில் பென்சிலைத் தேடியது. "நாலு சுவர், ஒரு கதவு, நீ சொல்ற மாதிரியே. மேல மட்டும் மொட்டையா விடாம, ஒரு குவிமாடம்..."

அந்த நிமிஷமே ஹில்டா கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸ்சேஞ்சுக் குரலை எடுத்து ஒரே வார்த்தையில் லைனைத் துண்டித்திருக்க வேண்டும்.

"எவ்வளவு பெருசு?" என்று கேட்டுவிட்டாள், பாவி மகள்.